நூற்றுக்கு நூறு சிலிர்ப்பு

நிகழ்ச்சி தொடங்கும் முன் எல்லோரும் இடது சட்டைக்கையை முழங்கை வரை மடித்துக்கொண்டார்கள். செவ்வாய்க் கோளின் செம்பாலை நகரத்தில் இது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போன்ற பழக்கம். மடித்த கையை இருக்கையில் பதித்திருக்கும் சிலிர்ப்புமானியின் மேல் வைக்க வேண்டும். இசை கேட்டு எத்தனை பேருக்கு மயிர்க்கூச்செறிகிறது என்று அது எண்ணிச் சொல்லும். அடுத்து, இடுப்புப்பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கூரைக்குள் வாழும் ஊரில் காற்று அளந்துதான் கிடைக்கிறது. மூவாயிரம் பேர் ஒன்றாக எழுந்து ஆடினால் ஒரு நாள் காற்று அரை மணியில் தீர்ந்துவிடும். ஆகவே டி.ஜே. இசைக்குச் செம்பாலையில் யாரும் ஆடுவதில்லை. உட்கார்ந்தபடியே சிலிர்ப்பார்கள்.

அன்று குடியேற்ற நாள். மற்ற நாள்களில் நகரத்தின் இசைப்பொறி பாடும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நூறு சிலிர்ப்பு வாங்கும். குடியேற்ற நாளில் மட்டும் மனிதர் படைத்த கலையே அரங்கேற வேண்டும் என்பது முதல் குடியேறிகள் எழுதிவைத்த சட்டம். மனிதர் எவரும் இதுவரை எழுபத்தொன்றைத் தாண்டியதில்லை.

இந்த ஆண்டு அந்த மேடை உமையாளுக்கு. முப்பத்து நான்கு வயது டி.ஜே.; அசைசித்திரக் கலைஞரும் அவளே. பதினான்கு மாத உழைப்பை மூன்று பாட்டுகளாகக் கொண்டுவந்திருந்தாள். முதல் பாட்டில் காற்றுச் சுத்திகரிப்பு எந்திரத்தின் உறுமலைத் தவிலடியோடு கலந்தாள். இரண்டாவதில் பூமியின் மழை. மூன்றாவதில் கடல். அவள் விரல் கலவை மேசையில் நகர நகர, அவள் வரைந்த சித்திரங்கள் தலைக்குமேல் கூரை முழுவதும் ஓடின. இசை நின்றதும் பலகையில் எண் ஒளிர்ந்தது: நூறு.

உமையாள் இரு கைகளையும் கூப்பியபடி நின்றாள். ‘ஆண்டவனே, இது போதும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று அவள் வீடு திரும்பிய தெருவில் ஒவ்வொரு கதவும் திறந்து அவளை வாழ்த்தியது.

மறுநாள் காலை சான்று அலுவலர் இளம்பரிதி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“மொதல்ல வாழ்த்துகள்மா. எனக்கே சிலிர்த்துச்சு,” என்றார். “அதுதான் இப்ப சிக்கல்.”

“என்ன சார் சிக்கல்?”

அவர் சட்டத்தைத் திரையில் காட்டினார். மனிதக் கலை சிலரைத் தொடும், சிலரைத் தொடாது. ஒருவர் விடாமல் எல்லோரையும் தொட்டால் அது பொறியின் வேலை. அப்படி நூறு வாங்கிய நிகழ்ச்சி ஆவணத்தில் ‘படைப்பு: பொறி. இயக்கியவர்: உமையாள்’ என்றுதான் பதிவாகும்.

உமையாள் திரையை நெருங்கிப் பார்த்தாள். “பதினாலு மாசம் சார். ஒவ்வொரு மழைத்துளியும் நான் கையால வரைஞ்சது.”

“எனக்குத் தெரியும்மா. சட்டத்துக்குத் தெரியலையே. ஒரு வழி இருக்கு. நாளைக்கு மதியத்துக்குள்ள, பார்த்தவங்கள்ல யாராவது ஒருத்தர் நேர்ல வந்து ஒரே ஒரு குறை சொல்லணும்.”

“அவ்வளவுதானா?” உமையாள் சிரித்துவிட்டாள். “நீங்களே சொல்லிடுங்களேன்.”

“நானா? சேச்சே! உங்க மனசு நோகற மாதிரி நான் எப்படிம்மா பேசுவேன்?” என்றார் இளம்பரிதி. அவர் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது.

செம்பாலையில் எல்லோரும் அப்படித்தான். கோபித்துக்கொண்டு வெளியூர் போக வழியில்லாத இடத்தில் மனிதர் மனம் புண்படாமல் வாழ வேண்டும். அதற்காகவே சென்ற குடியேற்ற நாளுக்குப் பின் ஒவ்வொருவர் பிடரியிலும் ஒரு நயச்சில்லு பதித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பாடினால் சில்லை முடுக்கிவிடலாம். புன்னகை, ஈரக் கண், மயிர்க்கூச்சு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒருவர் சில்லு ஓடியதா இல்லையா என்று இன்னொருவர் கேட்பது சட்டப்படி குற்றம்.

உமையாள் நேராகத் தன் தோழி ஷம்லாவின் தையல் கடைக்குப் போனாள்.

“உன் பாட்டுல குறையா? சொன்னா என் நாக்கு அழுகிப்போயிடும்டி,” என்றாள் ஷம்லா.

“பொய்யாவாவது ஒண்ணு சொல்லு.”

“சரி. வெளிச்சம் கொஞ்சம் கூடுதலா... இல்ல இல்ல, அது அழகாத்தான் இருந்துச்சு.”

உமையாள் அவளையே பார்த்தாள். “மூணாவது பாட்டு எப்படி முடிஞ்சுது, சொல்லு பாப்போம்.”

ஷம்லா கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். தலை குனிந்துகொண்டாள்.

“உனக்காகத்தான்டி சில்லைப் போட்டேன். நான் ஒருத்தி போட்டா என்ன ஆகிடப்போகுதுன்னு நெனைச்சேன். அது ஓட ஆரம்பிச்சா மனசு எங்கேயோ போயிடுது. முழு நேரமும் ஒரு ரவிக்கைக்குக் கழுத்து எப்படி வெட்டறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்.”

உமையாள் பதினான்கு வீடுகள் ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் இஞ்சித் தேநீர் கிடைத்தது, குறை கிடைக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டுமே ரகசியமாக அந்தச் சிறிய உதவியைச் செய்ததாக நினைத்திருந்தார்கள். அவர்களைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உமையாளுக்கும் வரவில்லை. அவர்கள் அவளுக்கு எல்லாம் கொடுத்திருந்தார்கள், கவனத்தைத் தவிர.

கெடு முடியும் நாளின் காலையில், ஊருக்குக் காற்று தரும் பாசித்தொட்டிகளின் ஓரம் உட்கார்ந்திருந்தாள். தொட்டி தேய்த்துக்கொண்டிருந்த பாக்கியம் நீண்ட துடைப்பத்தை ஊன்றி நின்றாள். இருவரும் ஒரே வயது, ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“நேத்தெல்லாம் உன்னைத் தேடினேன் உமை. பிடரியில சீழ் வெச்சு போன மாசம் என் சில்லை எடுத்துட்டாங்க. சில்லு இல்லாதவங்களுக்கு மானியும் இல்லையாம், இருக்கையும் இல்லையாம். பின்னாடி நின்னுதான் பாத்தேன்.”

உமையாள் மெல்ல நிமிர்ந்தாள். “எப்படி இருந்துச்சு?”

“நெசத்தைச் சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“மூணாவது இழுத்துடுச்சு. மஞ்ச மீனுங்க ஒரு பக்கமிருந்து வருதுங்க, போவுதுங்க. திரும்பவும் அதே மீனுங்க வருதுங்க. ஏழு தடவை. ஒரு மீனுக்கு வாலு பிஞ்சிருந்துது, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.”

உமையாளின் முகம் சிவந்தது. உண்மைதான். நேரம் போதாமல் ஒரே மீன்கூட்டத்தை ஏழுமுறை ஓடவிட்டு, தெரியாமலிருக்க நீல ஒளியைக் கூட்டியிருந்தாள். மூவாயிரம் பேர் பார்க்காததை இவள் பார்த்திருக்கிறாள்.

“ஆனா அந்த மழை இருக்கே,” என்றாள் பாக்கியம். “நான் பொறந்ததிலேர்ந்து மழையப் பாத்ததில்ல. அன்னைக்கு நனைஞ்சுட்டேன். இங்க பாரு, சொல்லும்போதே.” ஈரமான கையை நீட்டினாள். சில்லு இல்லாத அந்தக் கையில் ஒவ்வொரு மயிராக எழுந்து நின்றது.

பலகையில் நூறு ஒளிர்ந்தபோது வராத பெருமிதம் அந்தக் கையைப் பார்த்ததும் வந்தது. உமையாள் அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மீன் கதைய அலுவலகத்துல வந்து சொல்றியா?”

“ஐயோ, உன்னைக் காட்டிக்கொடுக்கவா?”

“காட்டிக்கொடு தாயே. வாலோட சேத்துக் காட்டிக்கொடு.”

மதியத்துக்குச் சற்று முன் பாக்கியத்தின் சொல் பதிவாயிற்று. ஆவணத்தில் ‘படைப்பு: மனிதர். பெயர்: உமையாள்’ என்று எழுத்துகள் விழுந்தன. ஒரே ஒரு குறைக்காக அவள் வீடு வீடாக அலைந்த கதை மாலைக்குள் ஊர் முழுவதும் பரவியது. செம்பாலை மக்கள் வெட்கப்பட்டார்கள். தங்கள் பிள்ளைக்கு இனி இப்படி ஒரு நிலை வரவே கூடாது என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் காலை இளம்பரிதியே அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் கைத்திரையில் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது புகார்கள் இருந்தன. முதல் புகார் ஷம்லாவுடையது. ஒரு வாரமாக மயக்க மருந்தில் கிடந்த மருத்துவமனை நோயாளியும் ஒன்று அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘நான்காவது பாட்டு இழுவை. மீன்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.’ முதலில் எழுதியவர் கை தவறி மூன்றை நான்காக்கியிருக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காமலே அனுப்பிவைக்கும் பழக்கத்தைக் குடியேறிகள் பூமியிலிருந்து விதைநெல்லோடு சேர்த்தே கொண்டுவந்திருந்தார்கள்.

“பாட்டு மூணுதானேம்மா?” என்றார் இளம்பரிதி தயக்கத்துடன். “இல்ல, நாலாவதுன்னு ஒண்ணு இருந்து நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ?”

உமையாள் புகார்களை ஒன்றுவிடாமல் நகர்த்திப் பார்த்தாள். ஒவ்வொரு வரியின் கீழும் அவளுக்குத் தெரிந்த ஒரு பெயர் இருந்தது. இத்தனை பேர் தனக்காகக் குறை சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணியபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

“எங்க ஊரு ஜனங்க சார்,” என்றாள் பெருமையாக. “அவங்க சொன்னா இருக்கும்.”

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். ஊரார் சொல் பொய்க்கக் கூடாது என்று கலவை மேசையின் முன் உட்கார்ந்து நான்காவது பாட்டைத் தொடங்கினாள். கொஞ்சம் இழுவையாக.