ஒரே மூச்சு

அன்று காலை வகுப்பில் கோப்பைகள் அதிரவில்லை.

என்ன குறைகிறது என்று சுன்னிவாவுக்கு முதலில் பிடிபடவில்லை. கணப்பில் பிர்ச் விறகு வெடித்துக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளிக் காலுறைகளின் வாடையும் அடிப்பிடித்த காப்பியின் கசப்பும் அறை முழுக்க அடைந்து கிடந்தன. நவம்பர் முடிவில் சூரியன் விடைபெற்று, இனி ஜனவரியில்தான் உதிக்கும் என்றிருந்த அந்த வடகோடி நீல இருட்டில், ஜன்னலுக்கு வெளியே, கடல் கரைக்கற்களை நக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போலத்தான். பிறகு புரிந்தது. தொர்லைஃபின் முழங்கால். குடியை விடவேண்டும் என்று இந்தத் தீவு மறுவாழ்வு இல்லத்துக்கு அவர் வந்து சேர்ந்த நாளிலிருந்து அது மேசைக்கு அடியில் ஓயாமல் ஆடும். அந்த ஆட்டத்தில் மேசைமேல் காலை ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே உள்ள கோப்பைகளெல்லாம் கிடுகிடுக்கும். வாழ்நாளெல்லாம் காட் மீன் பிடித்துக் கழித்த அந்தக் கனத்த மனிதர் இன்று கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்காகத்தானே அவளை இங்கே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்?

"உள்ளே ஏதாவது பொங்கி வந்தா உடனே பாட்டிலைத் தேடாதீங்க," என்று ஆரம்பித்தாள். "முதல்ல அதுக்கு ஒரு பேர் வைங்க. கோபமா, பயமா, வருத்தமா? அப்புறம் பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க. மெதுவா மூச்சை இழுங்க, அதைவிட மெதுவா விடுங்க. தானா இறங்கும். காத்திருங்க."

"தானா இழங்கும், காத்திழுங்க," என்று மூக்கால் பேசிக் காட்டினான் ஹால்வார். மாத்திரைகளுக்கு அடிமையாகி டாக்சி, மனைவி, முன்பல் இரண்டு எல்லாவற்றையும் தொலைத்தவன். "டீச்சரம்மா, இதே பாட்டை எத்தனை தடவை போடுவீங்க? உங்களுக்கே கொட்டாவி வரலையா?"

சுன்னிவாவும் சிரித்துவைத்தாள். காது மடல்கள் எரிந்தன. அப்போதுதான் கவனித்தாள்: வேறு யாரும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் அவன் வாயைத் திறந்தாலே மேசையே குலுங்கும். இப்போது அத்தனை பேரும் அவனை அமைதியாகப் பார்த்தார்கள். கோபம் இல்லை. தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோன்ற ஒரு பார்வை.

அப்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது. தொர்லைஃபுக்கு. அவர் தம்பியின் படகு கவிழ்ந்துவிட்டது, உடல் கிடைத்துவிட்டது என்று தொர்லைஃபின் மகள் தொலைபேசியில் அழுவது அறைவரை கேட்டது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வருத்தம்," என்றார். "ஒன்பது."

மூச்சை இழுத்தார். விட்டார். விறகு வெடித்தது.

"நாலு." இன்னொரு மூச்சு. "இப்போ ஒண்ணுமில்ல. அந்த வெண்ணெயைக் கொஞ்சம் இப்படித் தள்றீங்களா?"

"யோவ் பெருசு, செத்தது உன் கூடப்பொறந்தவன்யா!" என்றான் ஹால்வார்.

தொர்லைஃப் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓரம்வரை. ஒரே சீராக.

அன்று மாலை, கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருந்த நிர்வாகியிடம் சுன்னிவா தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அபாரம்! உன் பாடம் வேலை செய்யுது," என்றார் அவர். அந்தப் பாராட்டைப் போர்த்திக்கொண்டு தூங்க முயன்றாள். தூக்கம் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் வீடு அமைதியாகிக்கொண்டே வந்தது. கதவைப் படாரென்று சாத்துவது நின்றது. குளியலறைக்குள் போய் அழுவதும் நின்றது. சிகரெட்டுக்காகச் சண்டை இல்லை. சமையலறையில் விக்தீஸ் உருளைக்கிழங்கு சீவும் சத்தம் மாடிவரை கேட்டது. விக்தீஸ் முன்னாள் தாதி, ஆஸ்பத்திரி மார்ஃபினைத் திருடிப் போட்டுக்கொண்டு மாட்டியவள். ஒரு நாள் அந்தச் சீவல் சத்தம் கொஞ்சம் மாறியதுபோல, ஈரமாக, தடித்துக் கேட்டது. சுன்னிவா இறங்கிப் போய்ப் பார்த்தாள். கிழங்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. விக்தீஸின் இடது கட்டைவிரல் எலும்புவரை சீவப்பட்டிருந்தது. பாத்திரத்துத் தண்ணீர் சிவந்திருந்தது.

"விக்தீஸ்! கத்தியைக் கீழே வைங்க!"

விக்தீஸ் அன்பாக நிமிர்ந்து பார்த்தாள். "வலி. எட்டு இருந்துச்சு. இறங்கிடுச்சு. நீங்க சொன்னது நிஜம்தான், டீச்சர்."

சுன்னிவா விரலுக்குக் கட்டுப்போட்டாள். நிர்வாகியைக் கூப்பிட்டாள். மருத்துவரை அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் மதியமே புயல் பிடித்துக்கொண்டது. படகுப் போக்குவரத்து நின்றது. சுன்னிவாவை விடுவிக்க வரவேண்டிய மாற்று ஆளும் வரவில்லை. அந்த வீட்டில் அவள் ஒருத்தி, அவர்கள் ஆறு பேர்.

அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. போர்வைமேல் பனி படிந்திருந்தது; தலையணைகளில் உறைந்த தலைமயிர் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது எல்லாம் மறுபடி திறந்திருந்தன.

நடைவழியில் ஹால்வார் காத்திருந்தான். வாயில் கிண்டல் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பயத்தின் புளித்த நாற்றம் அடித்தது.

"சுன்னிவா," என்றான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னை ஆஃபீஸ் சோபாவுல படுக்க விடுங்க. புயல் நிக்கிற வரைக்கும். கெஞ்சிக் கேக்குறேன்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"ராத்திரியானா என் ரூம் கதவுக்கு வெளிய நிக்கிறாங்க. அஞ்சு பேரும். தட்டலை, கூப்பிடலை. சும்மா நின்னு மூச்சு விடுறாங்க. எல்லாரும் ஒரே மூச்சா. கேட்டுக்கிட்டே இருந்தா..." அவன் நெஞ்சைப் பிடித்தான். "எனக்கும் அதே மாதிரி வருது. நான் நிறுத்துறேன். அது பாட்டுக்கு வருது."

அவள் அவனைப் பார்த்தாள். மூக்கால் பேசிக் காட்டிய வாய். அவள் வகுப்பில் கொட்டாவி விட்ட வாய். இப்போது கீழுதடு துடிக்கிறது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அலுவலகத்துக் கதவுக்கு உள்ளிருந்து பூட்டு இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. ஆனால் அவனோடு ஒரே அறையில் ஒடுங்கி, தன் பயத்தை அவன் பார்க்கும்படி உட்கார்ந்திருப்பதா?

"மாத்திரை நிறுத்தினா இப்படித்தான் இருக்கும்," என்றாள். குரல் தேனாக வந்தது. "ஓடக் கூடாது, ஹால்வார். பேர் வைங்க. மூச்சு விடுங்க. காத்திருங்க."

"ஐயோ, விளையாடாதீங்க! அவங்க வர்றாங்க!"

"தானா இறங்கும்," என்றாள். அலுவலகத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பியபோது நாக்கில் ஒரு சின்ன இனிப்பு ஊறியது. அதை அவள் மறுக்கவில்லை.

அவன் கதவை அறைந்தான். உதைத்தான். கெட்ட வார்த்தையில் திட்டினான், அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டான். அதற்கும் பின்னால், படிக்கட்டில், வெறுங்கால்கள் மரத்தில் பதியும் ஓசை. அவசரமில்லாத ஓசை.

நின்றது.

சுன்னிவா கதவில் காதை வைத்தாள். ஹால்வாரின் மூச்சு ஓடிக் களைத்த நாயின் மூச்சுபோலக் கதவுக்கு அந்தப் பக்கம் இரைத்தது. அதைச் சுற்றி இன்னொரு மூச்சு, அகலமான ஒன்று, கொல்லன் துருத்திபோல நிதானமாக உள்ளே போய், அதைவிட நிதானமாக வெளியே வந்தது.

"பயம்னு சொல்லு, தம்பி," என்றது தொர்லைஃபின் குரல், மிகவும் கனிவாக.

"சுன்னிவா! திறங்க! சுன்னிவா!"

அவள் கை சாவியில் இருந்தது. திருப்பினால் போதும். திருப்பவில்லை.

"பயம்," என்றான் ஹால்வார், விம்மலுக்கு நடுவே. "பத்து."

மூச்சு உள்ளே. வெளியே.

"எட்டு."

உள்ளே. வெளியே.

அவன் இரைப்பு அடங்கியது. மற்ற மூச்சோடு ஒருமுறை உரசியது. விலகியது. மறுபடி சேர்ந்தது. பிறகு எது அவனுடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

காலடிகள் நகர்ந்தன. வாசல்கதவு திறந்தது. குளிர் அலுவலகக் கதவின் அடி வழியாக வந்து அவள் கணுக்காலைத் தொட்டது.

வீட்டில் யாருமில்லை என்று உறுதியான பிறகே அவள் பூட்டைத் திறந்தாள். மேல்கோட்டுகள் கொக்கியில் தொங்கின. காலணிகள் வாசலில் ஜோடி ஜோடியாக இருந்தன. வெளியே புயல் அடங்கியிருந்தது. பனியில் வெறுங்கால் தடங்கள். நேராக. கரைக்கு.

காலணி மாட்டாமலே ஓடினாள்.

கடல் கறுத்துக் கிடந்தது. அலையே இல்லை. அவர்கள் அதில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கைகோத்துக்கொண்டு. ஒருவரும் நடுங்கவில்லை. தொர்லைஃபின் அகன்ற முதுகு. விக்தீஸின் கட்டுப்போட்ட விரல். கடைசியில் ஹால்வார்.

"ஹால்வார்! வாங்க! திரும்பி வாங்க!"

அவன் திரும்பினான். தண்ணீர் மார்பளவு. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, இஸ்திரி போட்டதுபோல இருந்தது.

"குளிர்," என்றான் அவளிடம். "ரெண்டு."

தோள். கழுத்து. வாய்.

கடல் மூடிக்கொண்டது. ஒருவரும் இருமவில்லை. ஒரு கைகூட மேலே வரவில்லை. நீர் கண்ணாடியாயிற்று.

அவள் கத்த வாயைத் திறந்தாள்.

அப்போது தண்ணீரின் மேல், தலைகள் எதுவும் இல்லாத அந்த இடத்தில், ஆறு வெள்ளை ஆவிப் பொதிகள் எழுந்தன. உறைகுளிரில் மனிதர் விடும் மூச்சு. சேர்ந்தே எழுந்தன. கலைந்தன. நின்றன.

மறுபடி எழுந்தன.

கத்தல் வரவில்லை. அவள் வாயிலிருந்து மூச்சுதான் வந்தது. நீளமாக. மெதுவாக. வெள்ளையாக. அவர்களுடையது எழுந்த அதே நொடியில்.

கால்விரல்களைத் தண்ணீர் தொட்டது.