மாஸ்டரின் பிரேக்

இண்டிகேட்டர் விளக்கு மினுங்கிய பிறகுதான் அதன் 'டிக்' சத்தம் வந்தது. மாஸ்டர் முதலில் வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பழைய வண்டி, அலுத்துப்போக அதற்கும் உரிமை உண்டு. ஆனால் மகள் வளைவில் திரும்பி முடித்து விளக்கு அணைந்த பிறகும் ஒரு 'டிக்' மிச்சமாக வந்து விழுந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த அவருடைய காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் கற்றுக்கொடுப்பவருக்கென்றே வைப்பது. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கை நடுங்குகிறவர்களிடம் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, என் கால் இருக்கு." அந்தக் காலை நம்பித்தான் மகளும் இன்று சாவியைத் திருப்பியிருந்தாள். விடிந்தால் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

இடுப்புவலியில் படுக்க முடியாமல் நேற்று இரவு தூக்க மாத்திரை போட்டிருந்தார். அது போதாதென்று மத்தியானம் வலிக்கு வேறு ஒன்று. மருந்துக்கடைப் பெண் அட்டையைத் திருப்பிக் காட்டி, இதைப் போட்டால் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லத்தான் செய்தாள்.

"நான் எங்கம்மா ஓட்டறேன்? ஓட்டறது என் பொண்ணு. நான் சும்மா உக்காந்து வர்றவன்" என்று சிரித்துவிட்டு வந்தார். வீட்டில் மனைவியிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வலி முழுதாகப் போயிருந்தது. இப்போது அதுதான் உறுத்தியது. சாயங்கால மழையில் ரப்பர் விரிப்பின் ஈர வாடை மூக்கை அடைக்க, வைப்பர் ஒதுங்கிய பிறகு அதன் கிரீச்சொலியும், லாரி கடந்துபோன பிறகு அதன் ஹாரனும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தன. பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். தூக்கம் இல்லை, மயக்கம் இல்லை, தலை தெளிவாகத்தான் இருந்தது. உலகம்தான் கொஞ்சம் பிந்தி வந்தது.

சிக்னலில் மகள் வண்டியை நிறுத்தினாள். நின்றது கண்ணுக்குத் தெரிந்தது. குலுங்கல் அப்புறம்தான் உடம்புக்கு வந்தது.

"ஏன்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்க? திரும்பிடலாமா?"

திரும்பியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷ மாஸ்டர், சொந்த மகளிடம் முடியவில்லை என்று எப்படிச் சொல்வார்?

"ஒண்ணுமில்லம்மா. நீ ரோட்டைப் பாரு. என் கால் இருக்கு."

வாயை மூடிய பிறகு அந்த வார்த்தைகள் அவர் காதில் விழுந்தன. பின்சீட்டிலிருந்து யாரோ சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். பின்சீட் காலியாகத்தான் இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது.

பாலத்து இறக்கம். மழை வலுத்தது. கீழே, ரோட்டின் குறுக்கே, விளக்கில்லாமல் ஒரு லாரி.

மகள் பதறினாள். அவள் கால் தவறி ஆக்சிலேட்டரில் விழுந்தது. வண்டி சீறியது.

மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். நிற்கவில்லை.

குனிந்து பார்த்தார்.

பிரேக் பெடல் மிதிபடாமல் தனியாக இருந்தது. பக்கத்தில், விரிப்பின் மேல், செருப்போடு ஒரு கால். அசைவில்லை. அவருடைய கால்.

மகளின் வாய் திறந்தது. சத்தம் இல்லை.

முன்கண்ணாடி உடைந்து சிதறியது. சத்தம் இல்லை.

பிறகு எதுவும் நகரவில்லை. மகளின் தலை ஸ்டீயரிங்கின் மேல் அவர் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. உதடுகள் மூடியிருந்தன. அவற்றையே பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவள் குரல் வந்து சேர்ந்தது.

"அப்பா, பிரேக். பிரேக் போடுங்கப்பா."

விரிப்பின் மேல் கிடந்த கால் மெல்ல எழுந்தது. பெடலைத் தேடிப் போய், அழுத்தி மிதித்தது.