ஆளில்லாத தூளி

குழந்தை மடியில் இருக்கும்போதே தூளி ஆடியது.

வினோதினி முதலில் அதைக் காற்று என்றுதான் நினைத்தாள். சித்திரை மாதத்து மதியத்தில், புவனகிரியில் காற்று ஏது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. வெளியே வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பில் காற்று படக்கூடாது என்று அம்மா ஜன்னல்களை என்றைக்கோ சாத்தித் தாழ் போட்டிருந்தாள். கூடத்தின் நடுவில், மேல்தளத்து இரும்புக் கொக்கியில், அம்மாவின் பழைய ஊதாப் புடவையால் கட்டிய தூளி மட்டும் மெல்லப் போய் மெல்ல வந்தது. கொக்கி கிறீச் கிறீச் என்றது. வெறுந்துணி ஆடினால் அந்தச் சத்தம் வராது, உள்ளே கனம் இருந்தால்தான் வரும்.

கனம் இருந்தது. துணியின் அடிப்பக்கம் உருண்டையாகத் தொங்கியது.

அவள் குனிந்து மடியைப் பார்த்தாள். பாப்பா பால் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அம்மா வைத்த மைப்பொட்டு, வாயோரம் ஒரு துளிப் பால், காலில் கறுப்புக் கயிறு. எல்லாம் சரியாக இருந்தன. அப்படியானால் அதில் யார்?

"எம்மா!"

அடுப்படியிலிருந்து தில்லையம்மாள் பூண்டு நாறும் கையோடு ஓடி வந்தாள். மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தூளியைத்தான் பார்த்தாள். எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆளில்லாத தூளி ஆடக்கூடாதுடி, புள்ளைக்கு ஆவாது. வெறுந்தூளியா கெடந்தா அதுல வேற எதுனா வந்து படுத்துக்கும். பாப்பாவ எடுத்த ஒடனே இப்டி முடிஞ்சி வெச்சிரு."

துணியின் வாயைச் சேர்த்து முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். உருண்டை காணாமல் போனது. துணி துணியாகத் தொங்கியது. வினோதினிக்கு உயிர் வந்தது.

அவள் கடைசியாக எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. இரவில் பாப்பா தூங்க விடமாட்டாள், பகலில் அம்மா விடமாட்டாள். பிள்ளை பெற்றவள் பகலில் கண்ணசந்தால் சன்னி கண்டு புத்தி பேதலித்துவிடும் என்பதில் தில்லையம்மாளுக்குத் துளி சந்தேகமும் கிடையாது. மகளின் தலை சாய்ந்தால் தோளைத் தட்டுவாள். மறுபடி சாய்ந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். டிவியை அலற விடுவாள், உரிக்கப் பூண்டைக் கொண்டுவந்து கொட்டுவாள். பரங்கிப்பேட்டையிலிருந்து சொல்லி வைத்து வாங்கிய பால்சுறாவைப் புட்டு செய்து ஊட்டிக்கொண்டே, "முழிச்சிக்கோ சாமி, என் கண்ணுல்ல" என்று கெஞ்சுவாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எதிர்த்து ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. தில்லையம்மாளுக்கு ஜோதி என்று ஒரு தங்கை. அவளும் இதே வீட்டுக்குத்தான் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவள், ஒரு மதியம் எழுந்து போய்க் கைக்குழந்தையோடு வெள்ளாற்றில் இறங்கிவிட்டாள்.

"தூங்கித் தூங்கித்தான் அவளுக்குச் சன்னி வந்துச்சு. யாரும் எழுப்பல. நான் பக்கத்துல இருந்திருந்தா உட்ருப்பனா?" என்பாள் தில்லையம்மாள். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அழுவாள்.

சின்னம்மா தூங்கினாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாளா என்று வினோதினிக்குக் கேட்கத் தோன்றியது. ஏனென்றால் அவளும் இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடக்கிறாள். மூடினால் தூக்கம் வருவதில்லை, சத்தங்கள்தான் வருகின்றன. முடிச்சுப் போட்ட தூளிக்குள்ளிருந்து மூச்சு விடும் சத்தம், துணியை நகத்தால் மெல்லச் சுரண்டும் சத்தம். ஈரத்துணியும் சாம்பிராணியும் புளித்த பாலும் கலந்து கிடந்த அந்த அறையில் அவளுக்கு மட்டும் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. கேட்டால் அம்மா பயந்துவிடுவாள். அதனால் கேட்கவில்லை.

கடலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவன் பாலகுமாருக்குப் போன் செய்தாள்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு."

"என்னா பயம்?"

"பாப்பா... பாப்பா ஒண்ணுதான?"

அந்தப் பக்கம் மெஷின் சத்தம். பிறகு சிரிப்பு. "டபுளா வேணுமா ஒனக்கு? தூக்கம் பத்தாம அப்டித்தான் இருக்கும் வினோ. நல்லா ரெஸ்ட் எடு. பாப்பா மூஞ்சியப் பாத்தா எல்லாம் சரியாயிடும். வெச்சிரவா, சூப்பர்வைசர் வர்றாரு."

அவள் பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்துதான் பயமே வந்தது. பாப்பா தூங்கும்போது யாருக்கோ காது கொடுப்பது போலத் தலையைத் தூளியின் பக்கமே திருப்பிக்கொண்டாள்.

குழந்தையை எடை பார்க்க கிராம நர்ஸ் ஸ்ரீமதி வந்தாள். பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிற எல்லோரும் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். இவள் ஒருத்திதான் எடை மெஷினை ஓரமாக வைத்துவிட்டு வினோதினியைப் பார்த்தாள். வீங்கிச் சிவந்த கண், சீவாத தலை, தூளியை விட்டு நகராத பார்வை எல்லாவற்றையும் பார்த்தாள். தில்லையம்மாளை மோர் கொண்டுவர அனுப்பிவிட்டுக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மனசு எப்டிம்மா இருக்கு? சும்மா அழுவ வருதா? யாரும் இல்லாதப்ப எதுனா கேக்குதா, தெரியுதா? எங்கிட்ட சொல்லு. ஒன்ன யாரும் திட்டமாட்டாங்க."

வினோதினி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

"நல்லாத்தான் இருக்கா நர்சம்மா" என்று மோர் டம்ளரோடு நின்றாள் தில்லையம்மாள். "தூக்கம்தான் கொஞ்சம் கம்மி. பகல்ல நான் உடறதில்ல."

ஸ்ரீமதிக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதல்ல அவளத் தூங்க உடுங்கம்மா! பகலோ ராத்திரியோ, புள்ளைய நீங்க வாங்கிக்குங்க. நாளைக்கே சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காங்க. பெத்தவளுக்கு ஒடம்புல வர்ற நோவு மாதிரி இதுவும் ஒரு நோவு. மருந்து குடுத்தா கேக்கும். அது வரைக்கும் பாப்பாவ அவகிட்ட தனியா மட்டும் உடாதீங்க."

தில்லையம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நர்சின் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் கதவைச் சாத்தினாள்.

"எம் பொண்ணுக்குப் பைத்தியமாம்! பேர் வெக்கிறதுக்கு வடலூர்லேந்து ஒங்க மாமியா வூடே தெரண்டு வருது. அவுங்க காதுல இது வுழுந்தா என்னா ஆவும்? பேர் வெக்கிற வரைக்கும் பொறுத்துக்க சாமி. அப்பறம் நானே கூட்டிப் போறேன்."

"எம்மா, இன்னைக்கே போலாம்மா. நான் பாப்பாவ..."

"என்னா?"

என்ன சொல்ல வந்தோம் என்று வினோதினிக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அம்மா அவள் கையில் மந்திரித்த கயிற்றைக் கட்டினாள். தலைமாட்டில் பழைய இரும்புப் பூட்டு ஒன்றை வைத்தாள். அன்று மதியமும் தூங்க விடவில்லை.

பேர் வைப்பதற்கு முந்தின நாள். காலையிலேயே வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வெள்ளி அரைஞாண் வாங்கத் தில்லையம்மாள் சிதம்பரம் போகவேண்டியிருந்தது. தாய்வீட்டுச் சீர் அது, இன்னொருவர் வாங்க முடியாது. மகளுக்குத் துணையாக இருக்க வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் வரவில்லை. பஸ்ஸோ தெருமுனையில் ஹாரன் அடித்தது.

பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்துத் தூளியில் போட்டாள் தில்லையம்மாள். பாப்பா கொட்டாவி விட்டாள்.

"பாப்பா தூங்குறா. இன்னும் செத்த நேரத்துல பக்கத்து வூட்டுப் பொண்ணு வந்துரும். நீ தூங்கிடாத. தூளியில ஒரு கண்ணு வெச்சிக்க. இந்தா போய் இந்தா வந்துட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பஸ் கிளம்பிப் போனது. அது போன பிறகு அந்தத் தெருவில் சத்தம் என்று எதுவும் இல்லை. ஃபேன் மட்டும் தலைக்கு மேலே கடகடத்தது. பிறகு அதுவும் வேகம் குறைந்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அரைச் சுற்றோடு நின்றது. கரண்ட் போய்விட்டது.

வினோதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் சூடாக எதுவோ இருந்தது. குனிந்து பார்த்தாள்.

பாப்பா.

மடியில் பாப்பா சுருண்டு படுத்திருந்தாள். லேசாக, பஞ்சு மாதிரி. அழவில்லை. பால் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை! எப்போது எடுத்தோம்? எடுத்திருப்போம். அவள் பிறந்த நாள் முதலாக இப்படி அமைதியாக இருந்ததே இல்லை. வினோதினி மைடப்பியை எட்டி எடுத்துப் பாப்பாவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். பாப்பாவைப் பார்த்து ஆசையாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கிறீச்.

அவள் தலை நிமிரவில்லை.

கிறீச். கிறீச்.

தூளி ஆடியது. அடியில் உருண்டை. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை துணியை உதைத்தது, இல்லை, கால். பிறகு அழுகை. பாப்பாவின் குரல். அச்சு அசல் அதே குரல். ஆனால் பாப்பா மடியில் இருந்தாள். கண்ணை மூடி, வாயை மூடி, மடியில் இருந்தாள்.

குரலைத் திருடியிருக்கிறது. இத்தனை நாளும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது, இப்போது குரலும் வந்துவிட்டது.

அவள் எழுந்தாள். மடியிலிருந்ததைத் தோளில் சாய்த்துக்கொண்டு தூளிக்கு அருகே போனாள். துணியை விலக்கிப் பார்த்தாள். அதற்கும் கன்னத்தில் மைப்பொட்டு. அதற்கும் காலில் கறுப்புக் கயிறு. அவளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தியது. கையை நீட்டியது.

சேற்று வாடை.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நர்சம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது. எங்கிட்ட சொல்லு. கதவைப் பார்த்தாள். வெளியே போய்க் கத்தலாம். யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? என் தூளியில் வேறு ஏதோ இருக்கிறது என்றா? பைத்தியம் என்பார்கள். நாளைக்குப் பேர் வைக்கவேண்டும். வடலூரிலிருந்து எல்லோரும் வருகிறார்கள்.

அது மறுபடியும் அழத் தொடங்கியது. பலமாக. தோளிலிருந்த பாப்பா எழுந்துவிடுவாள். அவளையும் இழுத்துக்கொள்ளும்.

அம்மா சொன்னாள். ஆளில்லாத தூளியை முடிந்து வை.

துணியின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள். முறுக்கினாள். முடிச்சு.

அழுகை.

இன்னொரு முடிச்சு. இறுக்கி. அம்மா போட்டதைவிட இறுக்கி.

அழுகை.

இன்னொன்று.

கிறீச். கிறீச். கிறீ...

தில்லையம்மாள் கதவைத் திறந்தபோது கரண்ட் வந்திருந்தது. ஃபேன் கடகடவென்று சுற்றியது. வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு, சுவரில் சாய்ந்து தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்த மகள் தெரிந்தாள். மடியில் குழந்தையை அணைத்திருந்தாள்.

"ஏய் வினோ! பட்டப்பகல்ல தூங்குறியா? எழுந்திருடி!"

வினோதினி கண்ணைத் திறந்தாள். நாக்கு தடித்திருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

"சத்தம் போடாதம்மா. பாப்பா தூங்குறா."

"பக்கத்து வூட்டுப் பொண்ணு வரலியா? குடு இப்டி." தில்லையம்மாள் குனிந்து குழந்தையை வாங்கினாள். அது அவள் கையில் அவிழ்ந்து நீளமாகத் தொங்கியது. பாப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்த துண்டு. அதன் ஒரு ஓரத்தில் மைப்பொட்டு வைத்திருந்தது.

அம்மா ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று வினோதினிக்குப் புரியவில்லை. தில்லையம்மாள் துண்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தூளியின் பக்கம் திரும்பினாள்.

தூளி ஆடவில்லை. வாய் முடிந்திருந்தது. அடிப்பக்கம் உருண்டையாக, கனமாகத் தொங்கியது.

"நீ சொன்ன மாதிரியே முடிஞ்சி வெச்சிட்டேன்மா" என்றாள் வினோதினி. "இப்ப சத்தமே இல்ல பாரு."

தில்லையம்மாளின் கையிலிருந்து வெள்ளி அரைஞாண் தரையில் விழுந்தது. அவள் வாயிலிருந்து வந்தது பேச்சாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. முடிச்சின் மேல் பாய்ந்தாள். அது அவிழவில்லை. நகம் ஒடிந்தது. மறுபடி இழுத்தாள்.

வினோதினிக்குக் கண் சொருகியது. கொட்டாவி வந்தது. அம்மாவைக் கோபப்படுத்தாமல், சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்.

"எம்மா, இப்ப நான் கொஞ்சம் தூங்கட்டா?"

தில்லையம்மாள் தன் பழைய ஊதாப் புடவையின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.