பச்சைத் தண்ணீரில் ஒரு வட்டம்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், அந்தப் பழைய கல்குவாரிக் குளத்தின் கரையில் காரை நிறுத்தினோம். மறுநாள் போலந்து முழுக்க கல்லறைகளில் விளக்கு எரியும். என் புருஷன் மிரெக்குக்கு விளக்கு வைக்க ஒரு கல்லறை கிடையாது. செப்டம்பரில் இந்தத் தண்ணீருக்குள் முக்குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. தேடியவர்களும் கைவிரித்துவிட்டார்கள். குளம் உறைந்துவிட்டால் வசந்தம் வரை அவன் அங்கேதான்.

"காத்து பாதியானதும் மேல வந்துடணும் அண்ணி," என்றான் மிரெக்கின் தம்பி வால்டெக், என் முதுகில் சிலிண்டரை இறுக்கியபடி. "அடம் பிடிச்சீங்கன்னா காலைப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவேன்."

"உங்கண்ணன் இல்லாம நான் வரமாட்டேன்டா."

இறங்கினோம். இலையுதிர்காலத்தில் பாசி செத்து, தண்ணீர் அடிவரை தெளிந்துவிடும். பிர்ச் மரத்து மஞ்சள் இலைகள் எங்களோடு கூடவே மெல்ல இறங்கின. மூழ்கிய கிளைகளுக்கிடையே மீன்கள் அசையாமல் நின்றன. இவ்வளவு அழகான இடத்திலா அவனைப் பறிகொடுத்தேன்?

அடியில் இருட்டு. பின்னாலிருந்து வந்த டார்ச் வெளிச்சம் என் முன்னால் பாறையில் ஒரு வட்டம் போட்டது. நலமா என்று அர்த்தம். நானும் என் டார்ச்சால் வட்டம் போட்டேன். நலம். பதில் வராவிட்டால், உடன் இறங்கியவர் தேடி வந்தாக வேண்டும். முக்குளிப்பவர்களுக்கு அதுதான் விதி.

சேற்றைத் துழாவினேன். இலை, கல், மறுபடி இலை. மீண்டும் வட்டம். பதில் போட்டேன்.

சிலிண்டரில் காற்று பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று யாரையோ கெஞ்சினேன்.

மறுபடி வட்டம்.

அப்போதுதான் உறைத்தது. என் குமிழிகளின் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பினேன். வெளிச்சம் இருந்தது. அதற்கு மேலே ஒரு குமிழிகூட எழவில்லை.

எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது. பொழுது சாய்ந்திருந்தது. கரைப் படியில் வால்டெக் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான்.

"அடிக்குப் போன உடனே மூச்சுக்கருவி உறைஞ்சு, காத்தெல்லாம் கொட்டிப் போச்சு அண்ணி. லைட்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். நீங்க சேத்துலயே கண்ணா இருந்தீங்க. வேற வழியில்லாம நான் அப்பவே மேல வந்துட்டேன்."

"அப்போ என் பின்னாடி..."

அவன் என் தோளைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்தான்.

இலைகளுக்கு அடியில், மங்கலாக, ஒரு வட்டம்.

நலமா?

"பதில் போடுங்க." வால்டெக்கின் பல் தந்தியடித்தது. "அண்ணி, உங்க கால்ல விழறேன், பதில் போட்டுடுங்க!"

நலமாம், நலம்! எந்த வாயால் சொல்வேன்? டார்ச்சை அணைத்தேன்.

வட்டம் இன்னொரு முறை வந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

"ஐயோ, என்ன பண்ணிட்டீங்க..."

காற்று வீசவே இல்லை. ஆனாலும் நடுக்குளத்தில் மிதந்த இலைகள் இரண்டாகப் பிரிந்தன. அந்தப் பிளவு மெல்ல, நேராக, எங்கள் படியை நோக்கி வந்துகொண்டிருந்தது.