இனிக்கிற சுவர்

அந்த இலை அங்கே இருக்கக்கூடாது. ஆபேலுக்கு அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் பச்சைக் கோடு, வெள்ளைக் கோடு, வெள்ளையின்மேல் ஏறிப் போகும் கொடி, கொடியில் சாணுக்கு ஒரு இலை என்று அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டியவனே அவன்தான். இப்போது தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், பச்சைக் கோட்டின் நடுவே, கொடியோடு சேராமல் தனியாக, வெளிர் சிவப்பில் ஒரு துளிர் தெரிந்தது. விரல்நகம் அளவுதான் இருக்கும். மழைக்காலத்துப் பூஞ்சை என்று நினைத்துத் துணியால் துடைத்தான். துணி பிசுபிசுத்ததே தவிர இலை போகவில்லை.

ஆபேல் நெய்யூரில் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவன். பைபிளுக்குத் தோலட்டை போட அவனை விட்டால் ஆளில்லை என்று நாலு பேர் சொல்லப்போக, 1934-ல் புது பங்களா கட்டிய ஒரு துரைசானி தன் வீட்டுச் சுவருக்குக் காகிதம் ஒட்ட அவனை அழைத்தாள். பிரான்சிலிருந்து வந்த காகிதம். நூறு வருஷத்துக்கு முந்தைய மர அச்சுகளைத் தூசி தட்டி எடுத்து மறுபடி அடித்ததாம். சீமையில் இப்போது புது வீட்டுக்கெல்லாம் இதுதான் மோஸ்தராம். மிஞ்சிய சுருள்களை அவள் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் ஆபேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஓலைக்கூரை வீட்டின் நடு அறைக்குப் பிரெஞ்சுக் காகிதம் ஒட்டியவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பங்களாவில் செய்ததுபோலவே பசையில் பூச்சி விழாமலிருக்க மயில்துத்தம் கலக்கத்தான் போனான். மனைவி ராஜபாய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை உள்ள வீட்டுல வெஷத்தக் கலக்காதீங்க. அவ கண்டதுலயும் வாய வைக்கியவ."

மூன்று பிள்ளைகளைக் கல்லறைக்குக் கொடுத்த பிறகு அவர்களுக்குத் தங்கியவள் ஐந்து வயது நேசபாய் ஒருத்திதான். ஆபேல் மயில்துத்தத்தைத் தூர எடுத்து வைத்தான். வெறும் மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சினான். கொத்தனார்கள் சாந்து இறுகுவதற்குக் கருப்பட்டி கரைத்து ஊற்றுவதைப் பார்த்திருந்தான், அதனால் பசையிலும் மூன்று கருப்பட்டியைக் கரைத்தான். பிள்ளைக்குக் கெடுதல் செய்யாத பசை என்று நிம்மதியாக ஒட்டினான்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. வெயிலைக் காணாத பகல்களில் அந்த அறைக்குள் நுழைந்தாலே புளித்த கஞ்சி, நனைந்த கோழியிறகு, அதற்கும் அடியில் தூங்கி எழுந்து கழுவாத வாயின் நாற்றம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் ஏறும், சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தால் தட்டோடு திண்ணைக்கு எழுந்து போவான். காகிதம் உப்பியிருந்தது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பும். கருப்பட்டி கலந்த சுவருக்கு ஓர் எறும்புகூட வரவில்லை, அதுதான் ஆபேலை அதிகம் அருவருக்க வைத்தது.

ஒரு மத்தியானம் நேசபாய் சுவரை நக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டான். மோவாயெல்லாம் எச்சில் வழிந்திருந்தது. அவன் ஓடிப்போய் அவள் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினான்.

"சொவரு இனிக்குது அப்பா," என்றாள் அவள். பிறகு, குற்றம் தன்னுடையது மட்டுமில்லை என்பதுபோல, "நான் மட்டுமா நக்குதேன்? அதும் என்னைய நக்கும்."

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. வாய் ஓயாத பிள்ளை, சொற்களைக் கொழகொழவென்று மென்றாள், பிறகு சைகை காட்டினாள். ஆஸ்பத்திரியில் வாய்ப்புண் என்று ஊதா மருந்து தடவி அனுப்பினார்கள். நாக்கு சிறுத்துப்போனதுபோல ஆபேலுக்குத் தோன்றியது. சுவரிலிருந்த சிவப்பு இலை இப்போது ஒரு விரல் நீளம் இருந்தது. அன்றே கிழித்திருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்கு வரும் போதகர் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு கிழிக்கலாம் என்று வைத்துக்கொண்டான். அந்தப் பெருமைக்காகப் பின்னால் அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

ஞாயிறு காலை. ராஜபாய் ஆராதனைக்குப் போயிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் ஆபேல் வீட்டில் இருந்தான். ஓலையில் மழை இரைந்தது. இரைச்சலுக்கு நடுவே நாய் தண்ணீர் குடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நடு அறையிலிருந்து.

நேசபாய் சுவரோடு முகத்தை அப்பி நின்றாள்.

கூப்பிட்டான். திரும்பவில்லை. தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பலம் கொண்டமட்டும் இழுத்தான். சேற்றிலிருந்து கால் பிடுங்குகிற சத்தம். பிள்ளை அவன்மேல் விழுந்தாள்.

தோல் சீவும் கத்தியை எடுத்தான். காகிதத்தைக் கீறினான். கீறல் தானாக விரிந்தது. உள்ளே சுண்ணாம்பு இல்லை. சதை. சிவந்து, சொரசொரத்து, வெதுவெதுப்பாக. ஒவ்வொரு பச்சைக் கோட்டுக்குப் பின்னாலும் தரையிலிருந்து கூரைவரை ஒரு நாக்கு. எச்சில் வழிந்தது. கருப்பட்டி மணத்தது. கத்தியைப் போட்டுவிட்டுப் பிள்ளையிடம் திரும்பினான்.

"மக்கா, வாயத் தொற."

திறந்தாள். நாக்கு இல்லை. ரத்தமும் இல்லை. நக்கித் தீர்த்த கிண்ணம்போல வழவழவென்றிருந்தது உள்வாய். அவள் அழவில்லை. அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

இரண்டு முழ உயரத்தில் அந்தச் சின்னச் சிவப்பு இலை நனைந்து மினுங்கியது. மெல்ல நிமிர்ந்தது. அசைந்தது.

"அப்பா," என்றது நேசபாயின் குரலில். "இன்னும் கொஞ்சம் பசை காச்சு."