மிட்டாய்க்கு விட்ட துளை

பெட்டிக்குள் கேட்ட பிராண்டல் கீரனூர் தாண்டியதும் நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு அது சுவரிலிருந்து கேட்டது.

எலி என்று நினைத்தார் ரத்தினவேல். பெட்டியைக் கூடத்தின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. முந்திரித் தோப்பில் உதிர்ந்து கிடந்த பழங்களின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்து, பெட்டியில் சுற்றியிருந்த பழுப்பு டேப்பின் பசை வாடையோடு கலந்து, அடித்தொண்டையில் போய் உட்கார்ந்தது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

எரிச்சல் அடங்கவில்லை. ஒரு நாய்க்காக ஒரு நாள் முழுக்க அலைச்சல்.

மகள் சரண்யா ஷார்ஜாவில் இருக்கிறாள். போன மாதம் வந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். தடுப்பூசி போட்டுச் சில வாரம் பொறுத்துத்தான் நாயை விமானத்தில் ஏற்றலாம் என்றதால் மிட்டாய் மட்டும் அவரிடம் நின்றது. அதை நல்லபடியாக ஏற்றிவிடும் பொறுப்பு அவருடையது. தினமும் போனில் பாடம் எடுத்தாள். கூண்டை முன்னமே வாங்கி அதில் படுக்கப் பழக்க வேண்டும். நாய் எழுந்து நிற்க உயரம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். நாலு பக்கமும் காற்று வர வேண்டும். அவர் சரி சரி என்றார். தான் முதல் தடவை துபாய்க்குப் போனபோது மூச்சு வந்ததா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நேற்றுத்தான் கூண்டு வாங்கினார். கடையில் இருந்ததில் சிறியது.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் வளைகுடா போய் வந்த யாரைக் கேட்டாலும் ரத்தினவேல் கட்டும் பெட்டியைத் தெரியும். அட்டை, அதன்மேல் டேப், அதன்மேல் நைலான் கயிறு. கொட்டை எழுத்தில் பெயர், ஊர், போன் நம்பர். நாய்க் கூண்டையும் அப்படித்தான் கட்டினார். ஏற்றி இறக்குகிறவர்கள் துளைக்குள் கை விட்டுத் திருடிவிடுவார்கள் என்ற பழைய பயத்தில் பக்கத் துளைகளை எல்லாம் அட்டை வைத்து மூடினார். முன்பக்கக் கம்பிக் கதவை மட்டும் விட்டுவைத்தார்.

திருச்சி விமான நிலையத்தில் சரக்கு வாங்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தாள். சட்டையில் ஷர்லி என்று பெயர் குத்தியிருந்தது. பெட்டியைச் சுற்றி வந்தாள்.

“என்ன சார் இது, மிக்ஸியா?”

“இத்தன வருசமா பொட்டி கட்டுறேம்மா. ஒண்ணு ஒடஞ்சதில்ல.”

“ஒடையாது சார். உள்ள இருக்கறது மூச்சு விடணும்ல. நிக்கணும், திரும்பணும். பெரிய கூண்டா வாங்கிட்டு நாளைக்கு வாங்க. மொதல்ல அந்த டேப்பப் பிரிங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கிக் காரின் பின்னால் ஏற்றினார். மிட்டாய் ஊளையிட்டது. டவுனைத் தாண்டும்வரை ஊளை. தாண்டியும் ஊளை. ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி, கம்பிக் கதவின் மேல் டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டினார். நடுவில் ஒன்று. விளிம்பில் ஒன்று. குறுக்கே ஒன்று. ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டார். அதில் ஈரமான கறுப்பு மூக்கு வந்து முகர்ந்தது. அது போதும் என்று நினைத்தார்.

பிராண்டல் நின்றபோது தூங்கிவிட்டது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். நிறுத்திப் பார்க்கவில்லை.

நாயை ஏற்றவில்லை என்று திருச்சியிலிருந்தே மகளிடம் சொல்லியிருந்தார். இப்போது கூடத்தில் போன் அடித்தது. சரண்யா.

“அப்பா, மிட்டாய் தண்ணி குடிச்சுச்சா?”

“குடிச்சுச்சு.”

“கூண்டுலேர்ந்து வெளிய விட்டீங்கள்ல?”

“தோப்புல ஓடுது.”

“போன அங்கிட்டுத் திருப்புங்கப்பா. பாக்குறேன்.”

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தார். நாய் உயிரோடு இருக்க வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

துளையருகே குனிந்தார். மூக்கு இல்லை. “மிட்டாய்” என்றார்.

சுவரில் பிராண்டல் நின்றது. காது கொடுத்துக் கேட்பது போல. பிறகு வாசற்கதவின் அடியில் தொடங்கியது.

கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தார். டேப்பை உரித்தார். கம்பிக் கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. நாயின் வாய் வாடை. உள்ளே துழாவினார். ஈரம். ஒரு உடைந்த நகம். பக்கமெல்லாம் கீறல். நாய் இல்லை.

மின்விசிறி நின்றது.

வெளியே சர்ரென்று ஒரு சத்தம்.

அவருக்குத் தெரிந்த சத்தம். கிழக்கு ஜன்னல் பழுப்பாகியது. கம்பிகளுக்கு வெளியே ஒரு பட்டை தானாக நீண்டு, படிந்து, விரலால் தேய்த்ததுபோல அழுந்தியது. நடுவில் ஒன்று. விளிம்பில் ஒன்று. குறுக்கே ஒன்று. கத்தியால் குத்தினார். கிழிந்தது. பின்னால் இன்னொரு பட்டை. அதற்குப் பின்னால் இன்னொன்று.

கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாளை நீக்கி இழுத்தார். விரற்கடை அசைந்து நின்றது. வெளியே நைலான் கயிறு முறுகியது.

மிச்சமிருந்த ஒரு ஜன்னலிலும் பட்டை விழுந்தது. அதன்மேல் எழுத்துகள் வந்தன. உள்ளிருந்து பார்க்க எல்லாம் திரும்பிக் கிடந்தன. கொட்டை எழுத்து. அவர் கையெழுத்து. ஊர். போன் நம்பர். பெயரும் அவருடையது.

பிறகு அதுவும் இருண்டது.

வெக்கை. பசை வாடை. கத்தினார். குரல் கூடத்தைத் தாண்டவில்லை. எங்கோ பிராண்டும் சத்தம். தன் நகங்கள்தான் கதவைப் பிராண்டுகின்றன என்பது சற்றுப் பொறுத்தே தெரிந்தது.

சாவித் துளையில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தது. மண்டியிட்டார். வாயை வைத்து இழுத்தார். காற்று வந்தது. கொஞ்சம்.

ஈரமாக ஏதோ உதட்டில் பட்டது.

விலகிப் பார்த்தார். துளையை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு மூக்கு. முகர்ந்தது. நிதானமாக. தெரிந்தவரை முகர்வதுபோல.

மூக்கு விலகியது. வெளிச்சம் திரும்பி வந்தது.

சர்ரென்று டேப் இழுபடும் சத்தம்.