எழுப்புப்பெட்டியின் பூர்வீகம்

செவிமானி வந்த பிறகு தரங்கம்பாடியில் நாற்காலிக்கு முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. மாமியாரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மருமகள் கடற்கரைக்குப் போய் அலையிடம் பேசிவிட்டு வந்தாள். மரமோ தகரமோ, எந்தப் பொருளும் தன்மேல் விழுந்த பேச்சைப் படலம் படலமாகச் சேர்த்து வைத்திருக்கிறதாம். செவிமானியின் குமிழை ஒட்டினால் அத்தனையும் எண்ணிக்கையோடு வெளியே வந்துவிடும். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விசாரித்தார்கள்.

கோட்டைக்குப் பின்னால் விநோதப் பொருட்காட்சி நடத்தும் ஞானாபரணத்துக்கு, செவிமானியோடு சோதனைக்கு வருவதாகப் பூர்வீகத் துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. மீசை நனையாத கோப்பை, இருவர் ஒரே நேரத்தில் மூக்குப்பொடி போடும் டப்பா என்று அவரிடம் அறுபது பொருட்கள் இருந்தன. அறுபதுக்கும் கதை கட்டியது அவர்தான். பொய் என்று தெரிந்தால் காட்சியை மூடிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பூர்வீகத் துறை அதிகாரி பூங்கோதை வந்தார். ஒவ்வொன்றின் மீதும் குமிழை ஒட்டினார். ஒவ்வொன்றும் ஞானாபரணம் சொன்ன கதையையே அட்சரம் பிசகாமல் ஒப்பித்தது. முப்பது வருடமாக அவர் வாயைத் தவிர அந்தப் பொருட்கள் வேறெதைக் கேட்டன? செவிமானிக்குப் பொய் மெய் தெரியாது. அதிகம் கேட்டது எதுவோ அதுவே பூர்வீகம்.

ஞானாபரணம் மூச்சு விட்டார். அதற்குள் குமிழ் எழுப்புப்பெட்டிக்குப் போய்விட்டது.

காட்சியிலேயே அவர் உயிரை வைத்திருந்த பொருள் அது. பஸ் கண்டக்டராக இருந்த அவருடைய அப்பா, விடியற்காலை முதல் வண்டியைப் பிடிப்பதற்காகத் தானே செய்தது. மணி நாலானால் பழைய பஸ் ஹாரன் அலறும். எழுந்திருக்காவிட்டால் தகரக் குழாய் முகத்தில் தண்ணீர் பீச்சும். கண்டக்டர் செய்தது என்றால் டிக்கெட் வாங்கி யார் பார்ப்பார்கள்? டென்மார்க் கப்பல் தலைவன் ஒருவன் செய்தது என்று சொல்லிவைத்திருந்தார்.

“டென்மார்க் சொத்துங்க ஐயா,” என்றார் பூங்கோதை. “முப்பத்தோராயிரம் தடவ கேட்டிருக்கு. அயல்நாட்டுச் சொத்து சொந்த நாட்டுக்குப் போயிடணும். அடுத்த வியாழக்கிழம வண்டி வரும்.”

 ஞானாபரணம் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடித்தகட்டில் ‘தடம் எண் 12’ என்று எழுதியிருந்தது.

“கப்பலுக்குத் தடம் எண் இருக்கக் கூடாதா?”

“எங்கப்பா செஞ்சதும்மா இது.”

பூங்கோதை குமிழைப் பார்த்தார். “அத இப்பத்தான் முதல் தடவையா கேக்குது.”

இரண்டு சங்கதியையும் பெட்டி ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டிருந்தால் என்று இழுத்தார் ஞானாபரணம்.

“ரெண்டும் உண்மைன்னு எடுத்துக்கும்,” என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை வண்டி ஏறினார்.

அன்றைக்கே ஞானாபரணம் பெட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ‘இது எங்கப்பா செஞ்சது.’ ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு தடவை. மனைவி சலோமி சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினாள். மூன்றாம் நாள் தொண்டை கட்டியது. ஐந்தாம் நாள் மிளகுக் கஷாயமும் கைவிட்டது.

“இஞ்ச பாருங்க,” என்றாள் சலோமி. “உங்கப்பா உசுரோட இருந்தப்ப ஒரு தடவயாவது இப்படி எங்கப்பான்னு சொல்லியிருப்பீங்களா?”

பதில் சொன்னால் கணக்கு தவறும் என்று அவர் அடுத்த தடவையைச் சொன்னார். பொய்யை முப்பது வருடம் சொன்னபோது கட்டாத தொண்டை, உண்மைக்கு ஒன்பது நாள் தாங்கவில்லை. புதன்கிழமை மாலை முப்பத்தோராயிரத்தைத் தொட்டபோது உதடு மட்டும்தான் அசைந்தது.

வியாழக்கிழமை பூங்கோதை குமிழை இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தார். பிறகு ஞானாபரணத்தை அடையாளம் தெரியாதவரைப் போலப் பார்த்தார்.

“கப்பல் தலைவன் செஞ்சதும் உண்மை, உங்கப்பா செஞ்சதும் உண்மைன்னு வருதுங்க. அப்ப உங்கப்பாதான் அந்தக் கப்பல் தலைவன்.”

“அந்தக் கப்பல் வந்து முந்நூறு வருசம் ஆச்சே,” என்றாள் சலோமி.

“வயசு எங்க துறைல வராதும்மா. பெட்டி வாரிசுகிட்டயே இருக்கலாம். அத யாரும் பிரிக்க முடியாது.” பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து ஞானாபரணத்தின் பெயரை நிரப்பினார். “ஆனா பெட்டி டென்மார்க் போகணுமில்ல. வாரிசும் கூடப் போகணும். அங்க குளிரும்ங்க, கம்பளி எடுத்துக்குங்க.”

ஞானாபரணம் எழுந்து நின்றார். நான் தரங்கம்பாடிக்காரன் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். காற்றுதான் வந்தது.

பூங்கோதை குமிழை அவர் பக்கம் பணிவாக நீட்டிப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: மறுப்பு எதுவும் கேட்கவில்லை.